சிற்றில் கட்டியவள்

குற்றாலத்துச் சீசன் கடைகளில் விற்கும் சொப்புச் சாமான் பெட்டிக்குள் வீடு கிடையாது. அம்மி இருக்கும், குழவி இருக்கும், உரல், உலக்கை, திருகை, குடம், சட்டி, கரண்டி, தோசைக்கல் எல்லாம் இருக்கும். இப்போது கேஸ் அடுப்பையும் குக்கரையும் மிக்ஸியையும்கூட மரத்தில் செய்து சேர்த்துவிட்டார்கள். ஆனால் சுவர் இல்லை, வாசல் இல்லை, கூரை இல்லை. இந்தப் பெட்டியைப் பரிசாகப் பெறும் ஐந்து வயதுச் சிறுமிக்குத் தன்னுடைய வேலைகள் என்னென்ன என்பது உடனே தெரிந்துவிடும். அவற்றை எங்கே வைத்துச் செய்வது என்பதை அவளேதான் கண்டுபிடிக்க வேண்டும். திண்ணையின் ஓரம், மாடிப்படியின் அடி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து என்று கிடைத்த இடத்தில் ஒரு வீட்டை அவள் நினைத்துக்கொள்கிறாள்.

சொப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அம்பாசமுத்திரத்துக் கடைசல் வேலைக்காரர்களின் கைத்திறன் அதில் இருக்கிறது. மரத்துண்டைச் சுழலவிட்டு உளியால் வடிவம் எடுப்பார்கள். சுழலும்போதே வண்ண அரக்கை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தோடு ஒன்றிப்போகும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அந்தப் பளபளப்பு வருவது அப்படித்தான். ஒரு காலத்தில் பனையோலைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார்கள். ஆனியிலும் ஆடியிலும் சாரல் அடிக்கும்போது அருவிக்கு வந்து போகிறவர்கள் இதை வாங்காமல் போவதில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண் குழந்தைக்கு முதலில் கையில் தரும் மரப்பொருள் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு மரப்பொருள் சில ஆண்டுகளாக நம் வீடுகளுக்குக் கூரியரில் வந்துகொண்டிருக்கிறது. பொம்மை வீட்டு கிட். மெல்லிய மரத்தகடுகளில் சுவரும் தரையும் நாற்காலிக் காலும் லேசரால் அறுக்கப்பட்டு எண்ணிடப்பட்டிருக்கும். கூடவே சுவரில் ஒட்டும் தாள், திரைச்சீலைக்குத் துணி, பசை, இடுக்கி, நெல்மணி அளவு எல்.இ.டி. விளக்குகள். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு யாரோ பரிசளித்த கிட் ஒன்றை இந்தக் கோடை விடுமுறையில் அவளும் நானும் சேர்ந்து செய்தோம். ஆறு நாள் ஆயிற்று.

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதன் வரிசை. சுவர்களை நிறுத்தும் முன்பே தாளை ஒட்டிவிட வேண்டும். நிறுத்திய பிறகு மூலையில் விரல் நுழையாது. பசை வைக்கும் முன் பகுதிகளை ஒரு முறை பொருத்திப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். விளக்குக் கம்பியைக் கூரை மூடும் முன் உள்ளே இழுத்துவிட வேண்டும். பசை காயும் வரை சுவரைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில், ஒரு வீடு நிற்பதற்கு யாரோ ஒருவர் அசையாமல் இருக்க வேண்டியிருக்கிறது என்பது தெரிகிறது.

முடித்த பிறகு அந்த வீட்டை ஒரு கவிதையைப் படிப்பதுபோலப் படித்துப் பார்த்தேன். கட்டில், புத்தக அலமாரி, சாய்வு நாற்காலி, ஜன்னலில் பூந்தொட்டி, அலமாரியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஜாடிகள். துடைப்பம் இல்லை. குப்பைக்கூடை இல்லை. துணி காயும் கொடி இல்லை. பின்வாசல் இல்லை. ஆட்களும் இல்லை. விளக்கைப் போட்டால் அழகாக எரிகிறது. அந்த வெளிச்சத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை.

குற்றாலத்துச் சொப்பை அதற்குள் வைத்துப் பார்க்கலாம் என்று அண்ணன் மகள் சொன்னாள். அது நடக்கவில்லை. கிட் 24இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டது. ஓர் அடி அதில் அரை அங்குலமாகும். எங்களிடம் இருந்த சொப்பு உரலின் உயரம் ஒன்றரை அங்குலம். அந்த வீட்டுக் கணக்கில் அது மூன்று அடி, அதாவது சாப்பாட்டு மேசையைவிட உயரம். இரண்டு அங்குலத் தோசைக்கல் நான்கு அடி அகலமாகிவிடுகிறது. ஆறடிக் கட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு. “அத்தை, இந்த வீட்டுக்குள்ள வேலை நுழையாது போல” என்றாள் அவள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் இரண்டு மரப்பொருள்களையும் அந்த வாக்கியம் சரியாக அளந்துவிட்டது. ஒன்றில் வேலை மட்டும் இருக்கிறது, வீடு இல்லை. இன்னொன்றில் வீடு மட்டும் இருக்கிறது, வேலை இல்லை. 1988இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை வாசித்தவர்களுக்கு இந்த அளவுச் சிக்கல் புதிதல்ல. பெரிய வீடு, அதன் கோடியில் சமையலறை. அந்தப் பகுதியை மாற்றிக் கட்டலாம் என்று ஒரு மருமகள் சொல்லும் யோசனை அங்கே எடுபடுவதில்லை. வேலை செய்கிறவளின் உடம்பை அளந்து அந்த வீடு கட்டப்படவில்லை.

வீட்டையும் வேலையையும் சேர்த்துத் தன் கையாலேயே செய்த சிறுமி ஒருத்தி தமிழில் இருக்கிறாள். அவளுக்குக் கிட் வரவில்லை, சொப்பு வாங்கித் தரவும் ஆள் இல்லை. ஆற்று மணலும் தெருப் புழுதியும்தான் அவளுக்குப் பொருள். அவள் கட்டியதற்குச் சிற்றில் என்று பெயர். அதற்குள் அவள் சமைத்தது சிறுசோறு. இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் இலக்கியத்தில் அவள் கட்டிக்கொண்டே இருக்கிறாள். அவள் கட்டியதை நாம் எப்படிப் படித்து வந்திருக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வகுப்பில் நான் முதலில் எடுத்துக்கொள்வது கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் உள்ள 51ஆம் பாடல். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: தெருவில் நாம் விளையாடிய மணல் வீட்டைக் காலால் சிதைத்தவன், சூடியிருந்த மாலையைப் பறித்தவன், பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவன், ஒருநாள் அம்மாவும் நானும் வீட்டில் இருக்கும்போது தண்ணீர் கேட்டு வந்தான். கொடுக்கப் போனால் கையைப் பிடித்தான். அலறிவிட்டேன். அம்மா ஓடிவர, அவனுக்கு விக்கல் என்று சொல்லி மறைத்தேன். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் என்னைக் கொல்வதுபோலக் கடைக்கண்ணால் பார்த்துச் சிரித்தான்.

ஒவ்வொரு ஆண்டும் விக்கல் வரும் இடத்தில் வகுப்பு சிரிக்கிறது. சிரிக்க வேண்டிய இடம்தான். அந்தப் பொய்யில் ஒரு பெண்ணின் சமயோசிதம் இருக்கிறது. கதையைச் சொல்கிறவளும் அவளே. நடந்ததைத் தன் வசத்தில் வைத்துக்கொண்டு, தோழியின் முன் ரசித்துச் சொல்கிறாள். இதைக் கவனிக்காமல் இந்தப் பாட்டை வெறும் தொந்தரவுக் கதையாக்கினால் அது அந்தப் பெண்ணுக்கே செய்யும் அநியாயம்.

ஆனால் பாட்டின் வரிசையையும் கவனிக்க வேண்டும். முதலில் அவள் செய்த வீடு, பிறகு அவள் சூடிய மாலை, பிறகு அவள் விளையாடிய பந்து, கடைசியில் அவள் கை. மணலில் தொடங்கி உடம்புக்கு வந்து சேர்கிறான். அலறியது நிஜம் என்று பாட்டு சொல்கிறது. அலறலுக்குப் பிறகு அவன் முதுகுதான் தடவப்படுகிறது. உடைத்தது காதலின் முன்னுரை என்று நாம் கற்பித்துவிட்டு வகுப்பை முடிக்கிறோம். தன் பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனைப் பற்றிப் பேருந்து நிலையத்தில் ஒரு மாணவி புகார் சொன்னால், “உன்னைப் பிடிச்சிருக்குடி” என்று தோழிகள் சொல்கிறார்கள். சினிமா மட்டும் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லித் தமிழாசிரியர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் ராஜபாளையத்தைத் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் அங்கிருந்து இதே சிற்றிலைப் பாடினாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி முழுவதும், பத்துப் பாசுரங்களும், தங்கள் மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று சிறுமிகள் கண்ணனிடம் சொல்லும் பேச்சு. குறிஞ்சிக்கலியில் ஓரிரு சொற்களில் வந்து உடைந்துபோகும் வீடு இங்கே கண் முன் நிற்கிறது. நுண்ணிய வெண்மணலைத் தெள்ளி எடுத்தார்கள். வீதியில் வைத்துக் கட்டினார்கள். பார்க்கிறவர் வியக்கும்படி கோலம் செய்தார்கள். கையில் இருந்த கருவிகளையும் ஆண்டாள் சொல்கிறாள்: வட்ட வாய் கொண்ட சிறிய தூதை, சுளகு. தூதை என்றால் விளையாட்டுச் சிறுபானை. அதாவது சொப்பு. சுளகு என்பதைத்தான் எங்கள் ஊர்க் கிழவிகள் இன்றும் சொளவு என்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது ஆண்டாள் பதிவு செய்திருக்கும் ஒரு வலி. நாள் முழுக்க உட்கார்ந்து இதைச் செய்ததில் முதுகு நோகிறது என்கிறார்கள் அந்தச் சிறுமிகள். சிற்றில் பற்றி எழுதிய எத்தனையோ ஆண் புலவர்களுக்கு மணலின் வெண்மை தெரிந்திருக்கிறது, சிறுமிகளின் சிவந்த விரல் தெரிந்திருக்கிறது. முதுகு தெரியவில்லை. முதுகு வலியைச் சொன்னவுடன் சிற்றில் உழைப்பாகிவிடுகிறது. உழைப்பானதும் அதைச் சிதைப்பது குறும்பாக மட்டும் இருக்க முடியாது.

பக்தி மரபு இந்தப் பாசுரங்களைக் காதல் பிணக்காகப் படிக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் சொல்லுக்குள் வா என்ற அழைப்பு இருக்கிறது என்கிறது. அந்த வாசிப்புக்குப் பாசுரத்திலேயே இடமுண்டு. அவன் சிரித்த முகத்தோடு முற்றத்துக்குள் வந்து நின்றால் சிற்றில் மட்டுமல்ல, எங்கள் மனமும் சிதைகிறதே என்று அவர்களே சொல்கிறார்கள். ஆசையும் இருக்கிறது, புகாரும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடிந்ததுதான் ஆண்டாளின் பலம். நாம் செய்யும் தவறு, ஆசையைக் கேட்டவுடன் புகாரைத் தள்ளுபடி செய்துவிடுவது. இன்னும் ஒன்று: அவர்கள் வீதியில் கட்டினார்கள். வீட்டுக்குள் அடைபடாத வயதில் ஒரு பெண் தெருவில் தனக்கென்று பிடித்துக்கொண்ட இடம் சிற்றில். இற்செறிப்பு வந்ததும் அந்த இடமும் போய்விடும். அவள் இழப்பது மணலை மட்டுமல்ல.

பிற்காலத்தில் இந்தச் சிறுமிக்கு இலக்கணம் எழுதப்பட்டது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவி இல்லை. முதல் ஏழும் இருபாலுக்கும் பொது. ஆண்பாலுக்குக் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குப் பெரிதும் வழங்குவது அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் இழைப்பதையும் சிறுசோறு ஆக்குவதையும் பெண்பால் பருவங்களாகச் சொன்ன பழைய நூல்கள் உண்டு. பெரும்பாலான புலவர்கள் அந்த வழியில் போகவில்லை. ஆகவே வீடு கட்டியது பெண். வீட்டின் பெயரால் அமைந்த பருவம் ஆணுக்கு. உடைக்கப் போகிறவனைப் புகழ்ந்து, உடைக்காதே என்று கெஞ்சும் பாட்டில் கெஞ்சுகிற குரல் மட்டும் அவளுடையது.

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் இரண்டு வகையும் எழுதினார். முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழில் முருகனுக்குச் சிற்றில் பருவம் உண்டு. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அந்தப் பருவம் இல்லை. ஆனால் அதன் செங்கீரைப் பருவத்தில் ஒரு செய்யுள் இருக்கிறது. நான் தமிழில் படித்தவற்றில் ஆகப் பெரிய பொம்மை வீடு அதில்தான் கட்டப்படுகிறது. கட்டுகிறவள் மீனாட்சி என்ற சின்னப் பெண். உலகைச் சுற்றி நிற்கும் மலை சுவர். எட்டுத் திசை மலைகள் அந்தச் சுவருக்குக் கால்கள். நடுவில் ஒற்றைத் தூணாக மேரு. வானம் கூரை. சூரியனும் சந்திரனும் விளக்குகள். ஊழி வெள்ளத்தில் உலகங்கள் என்னும் பழைய பாத்திரங்களைக் கழுவி எடுத்து அடுக்குகிறாள். புதிதாகச் சமைக்கிறாள்.

இந்தச் செய்யுளை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். கிட்டைச் செய்து முடித்த பிறகு படித்தபோது குமரகுருபரரின் கட்டுமான அறிவு வேறுவிதமாகத் தெரிந்தது. சுவர், கால், தூண், கூரை, விளக்கு, பாத்திரம், அடுப்பு. வரிசை பிசகவில்லை. கிட்டுக்காரர்கள் விட்டுவிட்ட பாத்திரம் கழுவுதலை அவர் விடவில்லை. தெய்வத்தின் வீட்டிலும் நேற்றைய பாத்திரங்கள் கிடக்கின்றன, அவற்றை ஒருத்தி கழுவித்தான் ஆகவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வீடும் வேலையும் ஒரே அளவில் பொருந்தியிருக்கும் செய்யுள் அது.

அதன் பிறகுதான் பித்தன் வருகிறான். முற்றத்தில் திரிகிற சிவன், அவள் கட்டக் கட்ட அழிக்கிறான். அவள் கோபப்படுவதில்லை. நாள்தோறும் மறுபடி எடுத்து அடுக்கிக் கட்டுகிறாள். கோபப்படாமல் என்று பொருள் தரும் ஒரே ஒரு சொல்லை அங்கே வைத்து, அப்படிப்பட்டவளே செங்கீரை ஆடு என்று முடிகிறது செய்யுள்.

இது படைப்பும் அழிப்பும் பற்றிய தத்துவம், இதில் போய்ப் பெண்ணியம் பேசுகிறாயே என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தத்துவம் எனக்கும் புரிகிறது. உருவகம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான் என் கேள்வி. கட்டுவது அவள், அழிப்பது அவன் என்று பிரபஞ்சத்தையே பங்கு போட முடிந்தது என்றால், அந்தப் பங்கு புலவருக்கும் கேட்டவர்களுக்கும் முன்பே பழகியிருந்தது என்று பொருள். அவளுடைய திறமையைப் புகழ்ந்தால் போதாதா? கோபப்படாததையும் ஏன் சேர்த்துப் புகழ வேண்டும்? அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் செய்யுளில் ஓர் ஆபத்து நுழைந்துவிடும். பிரபஞ்சத்தைக் கட்டத் தெரிந்தவள் ஒருநாள் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிடக்கூடும். ஒரே சொல்லால் அந்தக் கதவு தாழிடப்படுகிறது.

கட்டியவர் எல்லோரிடமும் நம் மரபு இந்தப் பொறுமையை எதிர்பார்த்ததா? இல்லை என்பதற்குத் தென்காசியிலேயே கல்லில் வெட்டிய சாட்சி இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் காசிவிசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதேனும் குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவர்களை உலகறியப் பணிகிறேன் என்று பாடலாகவே எழுதிவைத்தான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாடல் அது. கோயிலின் ராஜகோபுரம் மின்னல் தாக்கிப் பிளந்து, மொட்டைக் கோபுரமாக நீண்ட காலம் நின்றது. 1990இல் மறுபடி எழுப்பிக் குடமுழுக்கு நடத்தினார்கள். மன்னன் கேட்டது நடந்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். அரசன் கட்டினான். தான் கட்டியது சிதையுமே என்று கவலைப்பட்டான். அந்தக் கவலையைச் சொன்னான். அது அவனுடைய பெருந்தன்மையாகக் கொண்டாடப்படுகிறது. சிறுமியும் கட்டினாள், கவலைப்பட்டாள், அதைச் சொன்னாள். அது செல்லச் சிணுங்கலாகிவிட்டது. அவன் வீட்டைப் பிறர் பழுதுபார்க்க வேண்டும்; அவள் வீட்டை அவளே மறுபடி கட்ட வேண்டும், அதுவும் கோபப்படாமல்.

மணல் வீட்டைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று தோன்றினால், செங்கல் வீட்டுக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. உயில் எழுதாமல் இறந்தவருக்கு ஆண், பெண் என இருபால் வாரிசுகளும் இருந்து, குடும்பத்தார் முழுவதுமாகக் குடியிருக்கும் வீடும் இருந்தால், ஆண் வாரிசுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும் வரை பெண் வாரிசு அந்த வீட்டில் பங்கு பிரிக்கக் கேட்க முடியாது என்றது அது. மகளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை உண்டு. ஆனால் அவள் மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்தவளாகவோ, விதவையாகவோ இருக்க வேண்டும். தமிழ்நாடு 1989இலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்தது. அதற்கு முன் திருமணமானவர்களை அது சேர்க்கவில்லை. 23ஆம் பிரிவோ 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்படும் வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. நிலத்தில் பங்கு என்பதைவிடக் குடியிருக்கும் வீட்டில் பங்கு என்பதற்குத்தான் சட்டம் அதிகம் பயந்திருக்கிறது.

சட்டம் போன பிறகும் செய்யுள் போகவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அக்காள் தங்கைகள் காரில் அழைத்து வரப்படுகிறார்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். வெளியே வந்து காபி குடிக்கிறார்கள், புடவை வாங்கித் தரப்படுகிறது. “பெறந்த வீட்டு உறவு வேணும்லா, சண்டை போட்டுட்டா வாங்க முடியும்?” என்று பெண்களே பெண்களிடம் சொல்கிறார்கள். கையெழுத்து மட்டும் போதாது, முகம் கோணாமல் போட வேண்டும். குமரகுருபரர் ஒரு சொல்லில் வைத்த குணம் அங்கே பத்திரப் பதிவுக்குத் துணை ஆவணமாக வேலை செய்கிறது.

ஒருமுறை சிற்றில் பருவத்தை நடத்தி முடித்துவிட்டு, நீங்கள் இப்போது குடியிருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னேன். அப்பா, தாத்தா, பெரியப்பா என்று வந்த தாள்களுக்கு நடுவில் ஒருத்தி எழுதியிருந்தாள்: “அம்மா பெயரில் இருக்கிறது. பத்திரம் மாமாவிடம் இருக்கிறது.” பிள்ளைத்தமிழ்ப் பருவ இலக்கணத்துக்கு இதைவிடச் சரியான உரையை நான் படித்ததில்லை.

பொம்மை வீடு என்றதும் படித்தவர்களுக்கு இப்சனின் 1879ஆம் ஆண்டு நாடகம் நினைவுக்கு வரும். கணவன் வீட்டில் தான் ஒரு பொம்மையாக இருந்ததை அறிந்து நோரா கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிறாள். அந்தக் கதவுச் சத்தம் நமக்கும் தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. ஆனால் நம் சிறுமி அந்த வீட்டின் பொம்மை அல்ல. அவள்தான் கொத்தனார். தான் கட்டிய வீட்டைவிட்டு அவள் ஏன் போக வேண்டும்?

இவளுக்கு நெருக்கமான ஒருத்தியாக நான் நினைப்பது அமெரிக்காவில் வாழ்ந்த பிரான்சஸ் கிளெஸ்னர் லீயை. பணக்காரக் குடும்பம். அண்ணன் ஹார்வர்டில் படித்தார். இவரைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. பெண்களுக்கு ஏற்றது என்று அனுமதிக்கப்பட்ட கைவேலையை வைத்துக்கொண்டே 1940களில் அவர் பொம்மை வீடுகள் செய்தார். அளவு 12இல் ஒரு பங்கு. ஓர் அடிக்கு ஓர் அங்குலம். ஊசி போன்ற கம்பிகளால் பொம்மைக்குக் காலுறை பின்னினார். அந்த வீடுகளுக்குள் பிணங்கள் கிடந்தன. அவற்றில் பெண்கள் பலர். காவல் துறையினர் வந்து அந்தச் சமையலறையையும் படுக்கையறையையும் பார்த்து, இங்கே என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றார்கள். கவிழ்ந்த நாற்காலி, பாதி தோலுரித்த கிழங்கு, திரையில் ஒரு கறை என்று எதையும் அலட்சியம் செய்யக் கூடாது என்பதுதான் பாடம். அவற்றில் 18 வீடுகள் பால்டிமோரில் உள்ள மருத்துவப் பரிசோதனை அலுவலகத்தில் இருக்கின்றன.

சிதைந்த வீட்டைச் சாட்சியாகப் பார்க்கச் சொன்னார் லீ. நம் சிற்றில் பாடல்களுக்கும் இந்தப் பார்வை வேண்டும் என்கிறேன். பாடத்திட்டத்திலிருந்து அவற்றை எடுத்துவிட வேண்டாம். குறிஞ்சிக்கலியில் வகுப்பு சிரிக்கட்டும். சிரித்த பிறகு, மணல் கிடக்கும் இடத்துக்குத் திரும்பி வந்து பார்க்கட்டும். யார் மணலைத் தெள்ளினார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள், யார் உடைத்தார்கள், யாருடைய முதுகு தடவப்பட்டது, யார் மறுபடி கட்டினார்கள் என்ற கேள்விகளைத் தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம். ‘சிற்றில் சிதைத்தல் – நயம் பாராட்டுக’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், நயம் பாராட்டத் தெரிந்த பெண்களையே மறுபடி மறுபடி பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்போம்.

மீனாட்சியின் செய்யுளையும் கோபப்படாதவளின் புகழாக அல்லாமல், கட்டத் தெரிந்தவளின் புகழாகப் படிக்கலாம். மலையைச் சுவராக்கவும், மேருவைத் தூணாக நிறுத்தவும், சூரியனை விளக்காக மாட்டவும் தெரிந்தவள் அவள். பித்தன் நின்று ஆடிக்கொண்டிருக்கும் முற்றமும் அவள் கட்டிய வீட்டின் முற்றம்தான். வெளியே போ என்று சொல்லும் உரிமை கட்டியவளுக்கு உண்டு.